இசைத்தட்டின் வேகமும் பாடகரின் சுருதியும்

கோலார் தங்கவயலின் கடைவீதி நகரம் ராபர்ட்சன்பேட்டை. மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் அவ்வூருக்கு அமைந்தது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த மாவட்டங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் திரளாகச் சென்று குடியேறின. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அவ்வூர் மைசூர் மாநிலத்திலேயே இருந்துவிட்டது. பேச்சும் பாட்டும் தமிழாகவே நின்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நாள்தோறும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலராயினர். குடும்பத்தோடு இடம் பெயர்ந்தோரும் உண்டு.

வீடு மாற்றும்போது எதனை எடுத்துச் செல்வது, எதனைக் கழிப்பது என்ற கேள்வி எழுகிறது. அப்பொழுது பரணிலிருந்து இறங்கும் பொருள்களில் ஒன்று பாட்டனார் காலத்துக் கிராமபோன் பெட்டி; அல்லது தந்தையார் வாங்கிய மின்சார ரிகார்டு பிளேயர். அதனுடன் ஒரு கட்டு இசைத்தட்டுகள். ஆவலோடு சுழல விட்டால், பாகவதரின் குரல் கனத்து இழுபடுகிறது. சுந்தராம்பாளின் குரலோ ஆடவர் குரலாகத் தாழ்கிறது. “பெட்டி செத்துவிட்டது” என்று தீர்ப்புக் கூறிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தட்டுகளும் அதனுடனேயே போய்விடுகின்றன. இது வருந்தத்தக்கது. ஏனெனில் வேகக் குறைபாடுகளிற் பெரும்பாலானவை ஒரு துளி எண்ணெயிலும், ஒரு துண்டுத் துணியிலும், சிறிது பொறுமையிலும் தீர்ந்துவிடக் கூடியவை. எந்தக் குறை எந்தக் காரணத்தால் வருகிறது என்று அறிந்துகொண்டால் போதும்.

முதலில், வேகம் மாறினால் பாட்டுக்கு என்ன நேருகிறது என்பதைப் பார்ப்போம். பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டும். 1948-இல் வந்த நெடுந்தட்டு 33⅓ முறையும், 1949-இல் வந்த சிறு தட்டு 45 முறையும் சுழலவேண்டும். தட்டு மெதுவாகச் சுழன்றால் பாட்டு நீளுவது மட்டுமன்று, சுருதியும் இறங்கும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளி, கணக்குப்படி நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு. ஆகவே 78-க்குப் பதிலாக 73½ சுற்று வருமானால் பாடகர் அரைக் கட்டை இறங்கிவிடுகிறார்; 82½ வந்தால் அரைக் கட்டை ஏறிவிடுகிறார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அரைக் கட்டை தாழ்த்திக் கேட்பவர் தோடியைத்தான் கேட்கிறார். ஆனால் அந்த நாயனம் அவர் வாசித்த சுருதியில் இல்லை, அந்த விரைவும் அவருடையதன்று. இதனை வெறும் இயந்திரக் குறை என்று ஒதுக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

எந்தத் திருகையும் தொடுமுன் செய்யவேண்டிய காரியம் எண்ணிப் பார்த்தல். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைக் காகிதத்தை அடையாளமாக ஒட்டிக்கொண்டு, முள்ளை வைத்துத் தட்டைப் பாடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 30 வினாடி எண்ணுங்கள். 39 வந்தால் வேகம் சரி. ஒரு நிமிடம் முழுதும் எண்ணினால் பிழை இன்னும் குறையும். முள்ளை வைத்து எண்ணவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். வெறுந்தட்டாகச் சுழலும்போது சரியாக ஓடி, முள் ஊன்றியவுடன் தளர்ந்துபோகும் பெட்டிகள் பல. பின்னர் முள் தட்டின் நடுவை நெருங்கும்போதும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு கணக்கும் முடிவில் ஒரு கணக்கும் வந்தால் அதுவே பாதி நோயைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சாவி கொடுக்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஓர் உருண்டைக் கூட்டில் நீண்ட எஃகு ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. சாவியைத் திருப்பும்போது அது இறுகுகிறது. விடும்போது விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இறுகிய ஸ்பிரிங்குக்குத் தொடக்கத்தில் வலிமை அதிகம், போகப் போகக் குறைவு. அவ்வாறிருந்தும் தட்டு ஒரே சீராகச் சுழல்வதற்குக் காரணமாக இருப்பது கவர்னர் என்னும் உறுப்பு. அரசியல் கவர்னரைப் போல இவரும் கட்டுப்படுத்துவதற்கென்றே அமர்ந்தவர். மெல்லிய மூன்று தகடுகளின் நடுவில் மூன்று எடைக் குண்டுகள் கட்டப்பட்டு ஒரு தண்டைச் சுற்றி ஓடுகின்றன. வேகம் கூடினால் குண்டுகள் வெளிநோக்கி விரிகின்றன. விரியும்போது தண்டிலுள்ள ஒரு வட்டத் தகட்டை இழுக்கின்றன. அத்தகடு ஒரு சிறு தோல் அல்லது கம்பளித் துண்டில் உராய்கிறது. உராய்வு வேகத்தைத் தணிக்கிறது. பெட்டியின் மேலே தெரியும் வேகத் திருகு, அந்தத் தோல்துண்டை முன்னும் பின்னும் நகர்த்துவதே அன்றி வேறொன்றும் செய்வதில்லை.

ஆதலால், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் வேகம் குறைந்தாலோ கூடினாலோ, அது நோயே அன்று. வேகத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி மறுபடியும் எண்ணுங்கள். அதனோடு காரியம் முடிந்தது. பக்கத்தின் இறுதியில் மட்டும் தளர்ந்தால் முதலில் சாவியைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னர் முழுச் சாவி கொடுப்பது வழக்கமாக இருந்தது. இன்று அது பலருக்கும் மறந்துவிட்டது. முழுச் சாவி கொடுத்தும் ஒரு பக்கம் பாடுவதற்குள் தளர்ந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கவேண்டும், அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கவேண்டும். உச்சஸ்தாயியில் முழங்கும் இடங்களில் மட்டும் வேகம் தொய்ந்தால், முள் அங்கே அதிகமாக இழுக்கிறது என்று பொருள். எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றவேண்டும். மழுங்கிய முள் தட்டின் வேகத்தையும் பிடித்து இழுக்கும், தட்டையும் உழுதுவிடும். புது முள் இட்டும் தொய்வு நீங்காவிட்டால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

இடையிடையே ‘டுப்’ என்று ஓர் ஓசை எழுந்து தட்டு குலுங்குவதும் உண்டு. காய்ந்த கிரீஸ் ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய சுற்று திடீரென விடுபடும்போதுதான் அந்த ஓசை. குரல் விரைவாக நடுங்கினால் கவர்னரின் தகடுகளில் ஒன்று விரிந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது அந்தத் தோல்துண்டு உலர்ந்துபோயிருக்கலாம். உலர்ந்த துண்டு கீச்சென்று ஒலிக்கும். அதற்கு ஒரே ஒரு துளி எண்ணெய் போதும். கட்டுக்கடங்காமல் ஓடினால் தகடு முறிந்துவிட்டது என்று கொள்ளலாம். உடனே நிறுத்திவிடுங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கவர்னருக்கு எண்ணெய் இடலாம், பற்சக்கரங்களைத் துடைக்கலாம். அதற்குக்கூடச் சாவி முழுதும் இறங்கிய பின்னரே கை வைக்கவேண்டும். ஸ்பிரிங் அடைபட்ட அந்த உருண்டைக் கூட்டை வீட்டில் எவரும் திறக்கலாகாது. சாவி இறங்கிய பின்னும் அதனுள்ளே பல அடி நீளமுள்ள எஃகுப் பட்டை அடங்கியே கிடக்கிறது. மூடியைக் கழற்றியதும் அது பாம்புபோலச் சீறி வெளிப்படும். விரல்களை அறுத்துவிடும், முகத்திலும் அடிக்கும். பழகிய கைகளுக்கே அது கடினமான வேலை. கடிகாரம் பழுதுபார்ப்பவர், தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவர் என்று கைத்தொழில் அறிந்தவர் எவரையேனும் நாடலாம். ஆனால் இதற்கு முன்பு கிராமபோன் ஸ்பிரிங்கைக் கையாண்டிருக்கிறாரா என்று கேட்டுவிட்டே கொடுக்கவேண்டும்.

இனி, எண்ணெய். தங்கவயல் கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள ஊர். மார்கழி, தை மாதக் காலையில் அங்கே தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்பதை எந்த வீட்டிலும் காணலாம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறையும் இயல்புடையது. கைக்கு எட்டியது என்று அதனைப் பெட்டியில் விட்டால், மார்கழியில் தட்டு நகராது, சித்திரையில் நகரும், அடுத்த ஆண்டில் பிசினாகிவிடும். நல்லெண்ணெயும் அவ்வாறே பிசினாகும். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெய்தான் ஏற்றது. அதுவும் துளிக் கணக்கில். தங்கவயலுக்கே உரிய இன்னொரு பகை, தூசி. பொன் பிரித்தபின் கொட்டிக் குவித்த ‘சயனைடு மேடு’களிலிருந்து காற்றுக் காலத்தில் பறக்கும் பொடி, அரைத்த கல்லின் நுண்மணல். அது பழைய கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள்போல அச்சுகளைத் தேய்க்கும். அங்கிருந்து வந்த பெட்டியானால் பழைய கிரீஸின்மேல் புதியதைப் பூசாமல், பழையதை முற்றத் துடைத்தெடுத்த பின்னரே புதியதை இடவேண்டும்.

மின்சாரப் பெட்டிக்கு வருவோம். எச்.எம்.வி. ஃபியஸ்டா, பிலிப்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த கர்ரார்டு எனப் பல பெயர்களில் இவை தமிழர் வீடுகளில் புகுந்தன. பழைய வகைகளில் மோட்டாரின் தண்டில் படிப்படியாகப் பருமன் மாறும் ஓர் உருளை இருக்கும். அதற்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்திச் சுழலும். 78-க்குப் பருத்த படி, 33⅓-க்கு மெல்லிய படி. மோட்டாரின் வேகம், உருளையின் பருமன், ரப்பரின் பிடிமானம் என்ற மூன்றுமே தட்டின் வேகத்தை முடிவு செய்கின்றன.

பல்லாண்டு கிடந்த பெட்டியில் முதற் குற்றவாளி பெரும்பாலும் அந்த ரப்பர் சக்கரமே. காலத்தால் இறுகிக் கண்ணாடிபோல மினுமினுத்துப் போய், பிடிக்காமல் வழுக்குகிறது. சுத்தமான ஸ்பிரிட்டு தோய்த்த துணியால் சக்கரத்தின் ஓரத்தையும், உருளையையும், தட்டின் உள்விளிம்பையும் துடைத்தால் பல பெட்டிகள் அன்றே குணமாகிவிடும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். எண்ணெய் அங்கே ஒரு துளிகூடப் படலாகாது. எண்ணெய் வேண்டிய இடங்கள் மோட்டார்த் தண்டின் இரு முனைகளும் சுழல்தட்டின் நடு அச்சும் ஆகும். மின்சாரத்தை நிறுத்தி, செருகியைக் கழற்றிவிட்டு, தட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். நெடுநேரம் ஓசையின்றிச் சுழன்று ஓய்ந்தால் நடு அச்சு நலமாக உள்ளது. பெல்ட்டு வகைப் பெட்டிகளில் ரப்பர் பெல்ட்டு தளர்ந்திருக்கும். அதற்கு மருந்து புதிய பெல்ட்டுதான்.

மின்வெட்டின்போது பலரும் கவனியாத ஒன்று உண்டு. பாட்டின் நடுவே மின்சாரம் போய்விட்டால், பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உறங்கச் செல்கிறோம். ரப்பர் சக்கரமோ உருளையோடு அழுந்தியபடியே இரவெல்லாம் நிற்கிறது. நாளடைவில் அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பின்னர்ச் சுற்றுக்குச் சுற்று ‘தட், தட்’ என்ற ஒலியும் குரலில் ஒரு நடுக்கமும் தோன்றுகின்றன. மின்சாரம் போனாலும் நிறுத்துக் கம்பியைத் திருப்பிவிட்டுச் செல்வதே முறை.

எல்லாம் துடைத்து எண்ணெயிட்ட பின்னும் வேகம் சரிப்படவில்லையென்றால் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். பலர் மின்னழுத்தத்தையே குறை கூறுவர். மாலையில் விளக்குகள் மங்கும்போது மோட்டாரும் சிறிது தளர்வது உண்மைதான். ஆனால் இவ்வகை மோட்டார்களின் வேகத்தை முதன்மையாக நிர்ணயிப்பது மின்னழுத்தமன்று. மாறு மின்சாரம் வினாடிக்கு எத்தனை சுழற்சி மாறுகிறது என்பதே. நம் நாட்டில் அது 50. இந்த உண்மைக்கும் தங்கவயலுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பிவழிச் சென்று தங்கவயல் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர்த் தெருக்கள் மின்விளக்குப் பெறுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே நடந்த செயல் அது. அந்த மின்சாரம் வினாடிக்கு 25 சுழற்சியே உடையது. 50 சுழற்சிக்கென்று செய்த மோட்டாரை அத்தகைய மின்சாரத்தில் இணைத்தால் அது பாதி வேகமே சுழலும். 78 சுற்றுத் தட்டு 39 சுற்றாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியில் இதே நோய் வேறு அளவில் தோன்றும். அங்கே 60 சுழற்சி. நம் மின்சாரத்தில் அப்பெட்டி ஆறில் ஐந்து பங்கு வேகமே ஓடும்: 78 என்பது 65 ஆகும். 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மரை இணைத்தால் பெட்டி எரியாமல் தப்பும், வேகம் திரும்பாது. டிரான்ஸ்பார்மரோ ஸ்டெபிலைசரோ சுழற்சியை மாற்றுவதில்லை. 50 சுழற்சிக்குரிய பருமன் கொண்ட உருளையைப் பொருத்துவதே வழி.

நம் நாட்டுச் சுழற்சியும் எக்காலத்தும் 50-இல் நின்றதில்லை. 2003-க்கு முன்னர்த் தென் மாநிலங்களில் தேவை மிகுந்த நேரங்களில் அது 48-க்கும் கீழே இறங்கியதுண்டு. 48-இல் 78 சுற்றுத் தட்டு ஏறக்குறைய 75 சுற்றாகிறது. பாடகர் அரைக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிடுகிறார். அந்நாளில் இதனை ஈடுசெய்ய எவரேனும் மோட்டார் உருளையின்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிப் பருமனாக்கியிருந்தால், அதே பெட்டி இன்று வேகமாக ஓடும். இன்று சுழற்சியை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிறுத்துவது விதியாகிவிட்டது. எனவே வேகம் கூடிய பழைய பெட்டி கையில் வந்தால், உருளையில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நன்று.

வேகத்தை அளக்கக் கோடுகள் வரைந்த வட்டக் காகிதம் ஒன்று உண்டு, ஸ்ட்ரோபோஸ்கோப்பு என்பர். நமது மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகிறது. 77 கோடுகள் கொண்ட வட்டத்தைத் தட்டின்மேல் வைத்துச் சுழலவிட்டால், சரியான வேகத்தில் கோடுகள் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். முன்னே ஓடினால் வேகம் அதிகம், பின்னே ஓடினால் குறைவு. 33⅓-க்கு 180 கோடுகள். மிக நுட்பமான கருவிதான். ஆயினும் சுழற்சி 48-க்கு இறங்கிய அக்காலத்தில் இக்கருவி பொய் சொல்லியிருக்கும். மோட்டாரும் விளக்கும் ஒரே மின்சாரத்தை உண்பவை அல்லவா? இரண்டும் சேர்ந்தே தளரும். கோடுகளோ அசையாமல் நிற்கும். குற்றவாளியின் தம்பியைச் சாட்சிக்கு அழைத்த கதை இது. கடிகாரத்தை வைத்து எண்ணுவதை முதலிற் கூறியதன் காரணம் இப்பொழுது விளங்கும். இன்று ஸ்ட்ரோபோஸ்கோப்பை நம்பலாம். ஆனால் இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் ஒளி போதிய அளவு துடிப்பதில்லை. நியான் விளக்கோ பழைய குழல்விளக்கோ தேவை.

குரல் அலைபோல ஏறி இறங்கினால், அந்த ஏற்ற இறக்கத்தின் கணக்கை எடுங்கள். சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 33⅓ தட்டில் 1.8 வினாடிக்கு ஒருமுறை வந்தால், தட்டின் துளை நடுவில் இல்லை, அல்லது தட்டு வெயிலில் வளைந்துவிட்டது. வேறொரு தட்டை வைத்தால் உண்மை தெரியும். எந்தத் தட்டிலும் நீங்காமல், இன்னும் விரைவாக நடுங்கினால் குறை ரப்பர் சக்கரத்திலோ மோட்டாரிலோ இருக்கிறது.

பெட்டி சரியாக 78 சுற்றிலேயே ஓடினாலும் பாட்டுச் சரியாக ஒலிக்காத தட்டுகளும் உள. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன், 78 என்பது எல்லோரும் கைக்கொண்ட அளவாக இருக்கவில்லை. 70 முதல் 80-க்கு மேலும் பலவாறாகப் பதிந்தார்கள். கோயமுத்தூர்த் தாயி போன்ற முதல் தலைமுறைப் பாடகியரின் தட்டுகளை 78-இல் ஓட்டிவிட்டு “அக்காலத்துப் பெண்கள் கீச்சுக் குரலில் பாடினார்கள்” என்று முடிவு கட்டுவது அவசரமாகும். அத்தகைய தட்டுக்குச் சாவிப் பெட்டியே உகந்தது. திருகை நகர்த்தி வேகத்தை இறக்கி, வாய்ப்பாட்டின் வேகமும் பின்னணிச் சுருதியும் ஆர்மோனியக் கட்டை ஒன்றோடு இசைகின்றனவா என்று ஒப்பிடலாம். அதுவும் ஓர் ஊகமே. இசை அறிந்த பெரியவர் ஒருவர் அருகிருந்தால் அவர் செவியே அளவுகோல்.

இப்பொழுது பலரும் பழைய தட்டுகளைக் கணிப்பொறியில் பதிந்து, மும்பையிலும் டில்லியிலும் இருக்கும் உறவினருக்கு அனுப்புகிறார்கள். தட்டு உடைந்துவிட்டால் அப்பதிவுதான் மிஞ்சும். பிழையான வேகத்தில் பதிந்தால் பிழையே பாட்டாக நிலைத்துவிடும். ஒரே அளவாகக் கூடிய அல்லது குறைந்த வேகத்தைப் பின்னர்க் கணிப்பொறியில் திருத்தலாம். நடுக்கத்தைத் திருத்துவது அரிது. ஆகையால் துடைத்து, எண்ணெயிட்டு, முள் மாற்றி, 30 வினாடியில் 39 என்று எண்ணிய பின்னரே பதிவைத் தொடங்கவேண்டும். பதிவின் பெயரோடு தட்டின் எண்ணையும், அன்று எண்ணிக் கண்ட வேகத்தையும் எழுதி வைத்தால், பின்னர் வருவோர் எந்த அளவிலிருந்து திருத்துவது என்று தடுமாறமாட்டார்கள்.